விலைக்கு வரும் கைத்துவக்கு

வன்னிநாட்டு வீடொன்றின் தாழ்வாரத்திலே மண்வெட்டி ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கும். அதன் பிடி மூன்று முறை மாறியிருக்கலாம். அலகு தேய்ந்து பாதியாகியிருக்கலாம். ஆயினும் அதனை விற்றுவிடலாம் என்ற எண்ணம் அவ்வீட்டார் எவருக்கும் தோன்றியதில்லை. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு அது வரும். பக்கத்திலே செருகியிருக்கும் காட்டுக்கத்தியும் அத்தகையதே. இவற்றுக்கு விளம்பரம் இல்லை. இவற்றைப் புகழ்ந்து படம் எடுத்தவரும் இல்லை. எனினும் இவை வீட்டை விட்டுப் போவதில்லை.

இதற்கு நேர்மாறான பொருளொன்றைப் பற்றி அண்மையில் வகுப்பறையிலே பேச நேர்ந்தது. திருக்குறளில் அவாவறுத்தல் என்னும் அதிகாரம் நடந்துகொண்டிருந்த வேளை. மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அமெரிக்காவிலே பேர்போன கைத்துவக்குகளைத்தான் வாங்கின ஆட்கள் திரும்ப விற்கிறார்களாம். நல்ல சாமான் என்றால் ஏன் ஐயா விற்கவேணும்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள்வி நல்ல கேள்வி. துவக்கு என்றால் என்ன என்பதை இந்த மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதனை ஒரு கடைச்சாமானாக, விலைபேசி வாங்கி மனம் மாறினால் விற்றுவிடும் பொருளாக, நாம் அறிந்ததில்லை. நமக்கு அது அதிகாரத்தின் அடையாளமாகவே வந்தது. படை அதிகாரியாயினும் ஆகுக, இயக்கப் பொறுப்பாளராயினும் ஆகுக, இடுப்பிலே கைத்துவக்கு இருந்தால் இன்னார் பெரியவர் என்று ஊர் விளங்கிக்கொள்ளும். நீண்ட துவக்கு ஏவலாளுக்கு, குறுந்துவக்கு ஏவுவோனுக்கு. அப்பொருளே ஒரு நாட்டிலே பழைய சாமான் கடைக்கு வருகிறது என்றால், அது ஏன் என்று ஆராய்வது நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பாடமேயாகும்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். துவக்கு, துப்பாக்கி என்னும் இரண்டும் துருக்கிமொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பர் அகராதியார். வில்லுக்கும் வேலுக்கும் வாளுக்கும் பற்பல பெயர்களை வைத்த தமிழ், இதற்கு மட்டும் கடன் வாங்கியது. வாங்கிய சொல் ஈழத்தவர் நாவிலே துவக்கு என்றாகியபோது, முன்னரே நம்மிடம் இருந்த இன்னொரு சொல்லோடு அது ஒத்துப்போயிற்று. துவக்கு என்றால் தொடக்கு என்றும் பொருள். துவக்குவது எளிது; முடிப்பது அரிது. இதற்கு வன்னியிலே உரை எழுதவேண்டியதில்லை.

இனிக் கேள்விக்கு வருவோம். பேர்போன கைத்துவக்குகள் ஏன் விலைக்கு வருகின்றன?

முதற்காரணம் வெறுங்கணக்கு. ஜெனீவாவிலுள்ள சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2018 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகெங்கும் பொதுமக்கள் கையிலிருந்த சுடுகருவிகள் ஏறத்தாழ 85 கோடியே 70 இலட்சம். அவற்றுள் 39 கோடியே 30 இலட்சம் ஐக்கிய அமெரிக்காவில் இருந்தன. அந்நாட்டு மக்கள் தொகையினும் அது மிகுதி. எது மிகுதியாக வாங்கப்படுகிறதோ அதுவே மிகுதியாக விற்கவும்படும். அன்றியும், பெயர்பெற்ற பொருளுக்கு வாங்குவோர் உடனே கிடைப்பர். விலையும் அதிகம் இறங்காது. எளிதில் விற்கலாம் என்பதே விற்பதற்கு ஒரு தூண்டுதலாகின்றது. அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்ற நினைவோடு நம்மவர் நகை வாங்குவதில்லையா? அதுபோல் என்க.

ஆனால் கணக்கு முழுவிடை அன்று. மண்வெட்டியுந்தான் எண்ணிறந்தவை விற்பனையாகின்றன. பழைய மண்வெட்டிச் சந்தை எங்கே இருக்கிறது? ஆதலின் வேறு காரணம் தேடவேண்டும்.

ஒரு வரலாற்றைப் பாருங்கள். ஸ்மித் அன்ட் வெசன் என்னும் அமெரிக்க நிறுவனம் 1955 ஆம் ஆண்டின் முடிவிலே .44 மக்னம் என்னும் வலிய தோட்டாவுக்கெனச் சுழல்துவக்கு ஒன்றைச் செய்தது. பின்னர் அதற்கு 29 ஆம் மாதிரி என எண்ணிட்டது. பெரிய விலங்கு வேட்டையாடுவோருக்கும் குறிபார்த்துச் சுடுவதிலே பித்துக்கொண்டோருக்கும் அது உவப்பான பொருள். ஏனையோர் அதனை நாடியது குறைவு. 1971 இல் 'டேர்ட்டி ஹரி' என்னும் திரைப்படம் வந்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த பொலிஸ் அதிகாரியின் கையிலே அத்துவக்கு இருந்தது. படம் பார்த்தவர் கடைகளைத் தேடிச் சென்றனர். பொருள் தட்டுப்பட்டது, விலை ஏறியது.

வாங்கியவர் சுட்டுப் பார்த்தனர். ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாத பாரம். வெடிக்கும்போது காதைப் பிளக்கும் ஓசை. உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் விழும் கடும் உதை. துவக்கு வாணிகரிடையே ஒரு பேச்சு உண்டு. அத்துவக்கைத் திரும்ப விற்க வருபவர், உடன் வாங்கிய ஐம்பது தோட்டாப் பெட்டியையும் கொண்டுவருவாராம். திறந்து பார்த்தால் உள்ளே நாற்பத்து நான்கு இருக்குமாம். சுழலறை கொள்வது ஆறு தோட்டா. ஒருமுறை நிரப்பினார், சுட்டார், போதும் என்றார். வேடிக்கைக்குச் சொல்லப்படும் பேச்சு ஆயினும் உண்மையின் பக்கத்திலே நிற்கும் பேச்சு. திரையிலே துவக்கு உதைப்பதில்லை. பார்ப்பவன் கையும் நோவதில்லை. அவன் விரும்பியது துவக்கை அன்று. துவக்கைப் பிடித்திருந்தவன் நின்ற நிலையை. கடையிலே நிலை விற்பதில்லை, இரும்புதான் விற்கும்.

இனி, பெரியது பாரம் என்று சிறியதை நாடியவர் கதையைப் பார்ப்போம். 2008 இல் றூகர் நிறுவனம் சட்டைப்பையிலே போடத்தக்க கைத்துவக்கொன்றை வெளியிட்டது. தோட்டா நீங்கலாக அதன் நிறை ஏறத்தாழ 270 கிராம். பெருவரவேற்புப் பெற்ற அதுவும் பழைய பொருளாகக் கடைக்குத் திரும்பியது. ஏன்? விடை பௌதிகப் புத்தகத்திலே இருக்கிறது. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமான எதிர்த்தாக்கம் உண்டு என்றார் நியூற்றன். தோட்டா முன்னே பாயும்போது துவக்கு பின்னே பாயும். துவக்கின் நிறை குறையக் குறைய அது பின்னே வரும் வேகம் கூடும். பிடிப்பதற்கோ இரண்டு விரலுக்கு மேல் இடமில்லை. எனவே, சுமக்க இனியது சுட இன்னாதது. சுட இனியது சுமக்க இன்னாதது. இவ்விரண்டுக்கும் இடையிலே அலைபவன் ஒன்றை விற்று மற்றதை வாங்குகிறான். மற்றதை விற்று மறுபடியும் முன்னதை வாங்குகிறான்.

பொதுமக்கள் பேதையர்; அறிந்தோர் அவ்வாறு செய்யார் என்று எண்ணவேண்டா. 1986 ஏப்பிரல் மாதத்தில் மயாமி நகரிலே நடந்த துவக்குச்சமரில் எவ்.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் புலனாய்வுப் பணியகத்தின் அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். தோட்டாவின் வலிமை போதவில்லை என்று முடிவு செய்தனர். 10 மில்லிமீற்றர் தோட்டாவை நாடினர். அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை. 1990 இல் சற்றே தணிந்த .40 தோட்டா தோன்றியது. நாடெங்கும் பொலிஸ் நிலையங்கள் அதனை ஏற்றன. பொலிசார் ஏற்றதால் பொதுமக்களும் ஏற்றனர். கால் நூற்றாண்டு கழிந்தது. 9 மில்லிமீற்றர்த் தோட்டா திருந்திவிட்டது, அதுவே போதும், உதையும் குறைவு என்று 2014 அளவிலே அதே பணியகம் கூறி, பழைய வழிக்குத் திரும்பியது. பின்னர், பொலிசார் கழித்த .40 துவக்குகள் கடைகளிலே மலிவாகக் குவிந்தன. முப்பதாண்டுச் சுற்று, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. இதற்கிடையில் வாங்கப்பட்டவை எத்தனை, விற்கப்பட்டவை எத்தனை!

இவை யாவும் வெளிக்காரணங்கள். உட்காரணம் ஒன்று உண்டு. அது அச்சம்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2023 இல் நடத்திய வினாவாய்விலே, துவக்கு உடையோருள் நூற்றுக்கு 72 பேர் தற்காப்பே தாம் அதனை வைத்திருப்பதற்கு ஒரு பெருங்காரணம் என்றனர். அச்சத்தை நாம் இகழவில்லை. அச்சம் எத்தகையது என்பதை நாம் நன்கு அறிவோம். ஆனால் அச்சத்தினால் வாங்கிய பொருளுக்கும் தொழிலுக்கென வாங்கிய பொருளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தொழிற்கருவிக்கு நாளை விடிந்தால் வேலை உண்டு. அச்சத்தின் கருவிக்கோ, என்றோ ஒருநாள் வரலாம் என எண்ணிய அந்த நாள் வந்தாலன்றி வேலையில்லை. அந்த நாள் பெரும்பாலோர்க்கு வருவதில்லை. வாராதிருக்க வேண்டும் என்பதே அவர்தம் வேண்டுதலும் ஆகும். இதற்கிடையிலே வீட்டில் குழந்தை பிறக்கிறது. துவக்கைப் பூட்டவேண்டும், பூட்டினால் அவசரத்துக்கு உதவாது, பூட்டாவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. பழகாதவன் கையிலே அது பயன்படாது. பழகுவதற்குத் தோட்டாச் செலவும் நேரமும் வேண்டும். அச்சத்தைப் போக்க வந்த பொருள் தானே ஓர் அச்சமாகி அலுமாரியிலே இருக்கிறது. ஒருநாள் அதற்கு விலை பேசப்படுகிறது.

விற்றதோடு முடிந்ததா என்றால், பலருக்கு முடிவதில்லை. விற்ற காசோடு இன்னொன்றுக்குப் போகிறார்கள். இங்கேதான் மாணவன் கேள்வி குறளோடு சேருகின்றது. திருவள்ளுவர் மெய்யுணர்தலை முப்பத்தாறாவது அதிகாரமாகவும் அவாவறுத்தலை முப்பத்தேழாவது அதிகாரமாகவும் வைத்தார். முதலில் பொருளின் உண்மை தெரியவேண்டும். அதன்பின் அதன்மேல் உள்ள வேட்கை அறவேண்டும். கைத்துவக்கை விற்பவன் முதற்படியிலே ஒரு கால் வைத்தவன். தான் தேடியது இப்பொருளில் இல்லை என்று கண்டுகொண்டான். ஆனால், 'இதில் இல்லை. ஆகையால் அடுத்ததில் இருக்கும்' என்று எண்ணும்போது வைத்த காலை எடுத்துவிடுகிறான். பொருள் கைமாறுகிறது, அவா கைமாறவில்லை. மீள்விற்பனைச் சந்தை தழைப்பது இந்த இடைவெளியிலேதான்.

வன்னியிலே துவக்கு வைத்திருந்தவர் இல்லையா என்று கேட்கலாம். இருந்தனர். இரணைமடுவின் கீழும், முத்தையன்கட்டின் கீழும், காட்டை அடுத்த சிறுகுளங்களின் கீழும் நெல் விதைத்தவருக்குப் பன்றி பகை. கதிர் பால்பிடிக்கும் காலத்திலே ஓரிரவு கண்ணயர்ந்தால் ஒரு போகத்து உழைப்பு உழக்கப்பட்டுவிடும். ஆகையால் பயிர்க்காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெற்று, நீண்ட வேட்டைத்துவக்கு வைத்திருந்த கமக்காரர் உண்டு. சுடுகருவிகள் பற்றிய 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி அப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். அத்துவக்கு அழகுடையதன்று, இடுப்பிலே செருகத்தக்கதுமன்று. மண்வெட்டி போன்றே அதற்கும் வேலை இருந்தது. ஆதலின் அதனை எவரும் எளிதில் விற்கவில்லை. எண்பதுகளிலே அவற்றுட் பல வீடுகளை விட்டுப் போயின. விற்கப்பட்டுப் போகவில்லை, கேட்கப்பட்டுப் போயின. பன்றிக்கென வந்த இரும்பு மனிதனை நோக்கித் திரும்பியது.

தொழிலுக்கான துவக்கெல்லாம் குற்றமற்றது என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டா. இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் இன்றும் நம் காட்டோரத்துத் துன்பங்கள். கயிறு தட்டியவுடன் வெடிக்கும் கட்டுத்துவக்குக்குப் பன்றியும் ஒன்றே, விறகுக்குப் போன மனிதனும் ஒன்றே. நாம் சொல்லவந்தது இதுதான்: வேலை உள்ள பொருள் வீட்டிலே தங்குகிறது; வேலை இல்லாத பொருள் வெளியே வழி தேடுகிறது.

அருமையும் ஒரு பொருளைத் தங்கச் செய்வதுண்டு. இந்தியாவிலே தனியார் வெளிநாட்டுத் துவக்கு இறக்குமதி செய்வது எண்பதுகளின் நடுவிலே தடைப்பட்டது. அதன்பின் அங்குள்ள பழைய வெளிநாட்டுக் கைத்துவக்குகள் இலட்சக்கணக்கில் விலை பெற்றன. உடையோர் அவற்றைக் காணி பூமி போற் காத்தனர். 2019 இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைக்கப்பட்டபோதுதான் பலர் ஒன்றையேனும் விடவேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2024 நவம்பரிலே, தற்காப்புக்கெனப் பொதுமக்களுக்கு வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டது. கொடுத்ததை ஒருமுறை திரும்பக் கேட்டு, 'உண்மையில் இது உனக்கு வேண்டுமா?' என்று வினவுவது நல்ல வழக்கமேயாகும். சந்தை அவ்வாறு கேட்பதில்லை.

சந்தை கேட்காத கேள்வி இன்னும் ஒன்று உண்டு. இனி இது எங்கே போகும்?

விற்கப்பட்ட சைக்கிள் பழையதாகும். விற்கப்பட்ட வானொலி பழுதாகும். எண்ணெயிட்டு வைத்த துவக்கு நூறாண்டு இருக்கும். வாங்கியவனின் ஆசை ஓராண்டிலே தீரலாம்; பொருளின் ஆயுள் தீராது. 1981 மார்ச்சு மாதத்தில் அமெரிக்கச் சனாதிபதி றேகனைக் கொல்ல முயன்றவன் கையில் இருந்தது, டலஸ் நகரத்து அடகுக்கடையொன்றில் வாங்கிய மலிவான சிறு சுழல்துவக்கு. அதன் தோட்டா சனாதிபதியின் ஊடகச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியின் தலையிலே பாய்ந்தது. அவர் 2014 இல் இறக்கும்வரை ஊனத்தோடு வாழ்ந்தார். அவர் பெயராலே 1993 இல் ஒரு சட்டம் வந்தது. உரிமம் பெற்ற வணிகர், வாங்குவோனின் பின்னணியை ஆராய்ந்த பின்னரே துவக்கு விற்கவேண்டும் என்பது அது. ஆனால் தனி மனிதர் ஒருவர் தம் மாநிலத்தவரான இன்னொருவருக்கு விற்கும்போது நாட்டுப் பொதுச்சட்டம் அந்த ஆராய்ச்சியைக் கேட்பதில்லை. சில மாநிலங்கள் தாமாகவே கேட்கின்றன, பல கேட்பதில்லை. எனவே, அலுத்துப்போய் விற்பவன், தன் அலுப்பை மட்டும் நினைக்கிறான். அப்பொருள் எவன் கைக்குப் போகும் என்று நினைக்கும் கடமையை அவனுக்கு எவரும் வைக்கவில்லை. விற்றவன் விடுபட்டான், வாங்கியவன் பக்கத்து வீட்டான் விடுபடவில்லை.

கைமாறும் ஆயுதத்துக்கு நன்றியும் இல்லை, நினைவும் இல்லை என்பதை நம் நாட்டு வரலாறு முன்னரே காட்டியது. 1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியபோது, ஆங்கிலேயரின் பீரங்கிகள் அவன்பக்கம் வந்தன. முதல்நாள் எவரைக் காத்து நின்றதோ அவரை நோக்கியே மறுநாள் அது திரும்பும். நம் காலத்திலோ, 2009 இற்குப் பின்னரும் ஆண்டுக்கணக்காக, வயல் திருத்தவும் கிணறு வெட்டவும் மண்ணைத் தோண்டியபோது வெடிபொருளும் துருப்பிடித்த துவக்கும் வெளிவந்ததை நாம் கண்டோம். எவரோ என்றோ ஏந்தியவை. ஏந்தியவர் இல்லை, இரும்பு இருக்கிறது. கண்ணிவெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக நிலத்தைத் தடவிச் சென்றது எதற்காக? கைவிட்ட பொருள் கைவிட்ட இடத்திலேயே காத்திருக்கும் என்பதற்காக.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். நம் மாணவர்களிற் பெரும்பாலோர் போருக்குப் பின் பிறந்தவர். அவர்களுக்குக் கைத்துவக்கு என்பது சினிமாச் சுவரொட்டியிலே கதாநாயகன் ஏந்தி நிற்கும் பொருள். கைபேசி விளையாட்டிலே விரல் நுனியால் வெடிப்பது. அங்கும் அது உதைப்பதில்லை. 'துவக்கு தீது' என்று நாம் ஆயிரம் முறை சொன்னாலும் அவர்கள் காதிலே ஏறாது. பெரியவர் வழக்கமாகச் சொல்வது என்று தள்ளிவிடுவர். ஆனால் 'வேண்டுமென்று வாங்கியவனே வேண்டாமென்று விற்கிறான்' என்ற செய்தி காதிலே ஏறுகிறது. அம்மாணவனின் கேள்வியே அதற்குச் சான்று. அறிவுரை அன்று, கணக்கே அவனைச் சிந்திக்க வைத்தது. அந்த வாயிலைத் திறந்துவிடுவது நம் கடன்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். துவக்கை மட்டும் நினைக்கவேண்டா. உங்கள் வயதிலே மோட்டார் சைக்கிளாக, கைபேசியாக, வேறொன்றாக அவா வரும். வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளை விடிந்தால் இதற்கு என்ன வேலை? விடை வருமாயின் வாங்குங்கள். அது உங்களோடு தங்கும். 'இதை வைத்திருந்தால் நான் இன்னான் போலத் தோன்றுவேன்' என்பதே விடையாயின், அப்பொருளின் விற்பனை விளம்பரத்தையும் இன்றே எழுதி வைக்கலாம்.

அன்று வகுப்பு முடிந்தபின் அம்மாணவன் மறுபடியும் வந்தான். "அப்ப ஐயா, விற்கிறது பிழையோ, வாங்கினது பிழையோ?" என்றான். "உங்கள் வீட்டு மண்வெட்டி எவ்வளவு காலத்தது?" என்று கேட்டோம். "அம்மப்பாவினுடையது. பிடி மட்டும் புதிது" என்றான். "அதை எவராவது விலைக்குக் கேட்டதுண்டோ?" "கேட்டாலும் கொடுக்கேலாது ஐயா. நாளைக்கு வரம்பு கட்டவேணும்" என்று சொல்லி, வீட்டுக்குப் புறப்பட்டான்.